பதினாலாவது வாரம்

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கி விற்கிற வட்டாரத்தில் என் வீட்டுக்காரருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தவர்கள் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் என்று பேச்சு வந்துவிட்டால் வாங்குகிறவர் வாயிலிருந்து முதலில் வருகிற கேள்வி, "பூதக்கண்ணாடி பார்த்தாச்சா?" என்பதுதான்.

அவர் வேலை இது. யாரோ ஒருவர் பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்க நிற்பார். பெரிய பிரேக், இறுக்கமான சஸ்பென்ஷன், உறுமுகிற சைலன்சர், எல்லாமே கம்பெனி ஃபிட்டிங், தொழிற்சாலையிலிருந்தே இப்படித்தான் வந்தது என்று சத்தியம் செய்வார். அதில் பாதி புளுகு. சாதாரண மாடலை வாங்கி, வெளியில் கிடைக்கிற சாமான்களை மாட்டி, பின்பக்கம் ஒரு பேட்ஜையும் ஒட்டிவிட்டு விற்கிறவர்கள் நிறைய. என் வீட்டுக்காரர் போய்க் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு, எது கம்பெனியில் மாட்டியது, எது பிறகு மாட்டியது என்று பிரித்துச் சொல்வார்.

எப்படி என்று கேட்டால் ரொம்பச் சுலபம் என்பார். டிக்கியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அந்தக் காரில் என்னென்ன மாட்டினோம் என்று கம்பெனிக்காரன் குறியீடாக அச்சடித்து ஒட்டியிருப்பான். ஸ்டிக்கர் உரிந்து போயிருந்தால் சாமான்களையே கேட்க வேண்டியதுதான். வார்ப்பு இரும்பிலும் அலுமினியத்திலும் அதை வார்த்த வாரமும் வருஷமும் பொடி எழுத்தில் பதிந்திருக்கும். கார் தயாரான வாரத்துக்குக் கொஞ்சம் முந்தியது என்றால் கம்பெனி ஃபிட்டிங். பிந்தியது என்றால் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. கல்யாணப் போட்டோவில் கையில் இல்லாத வளையல் பிறகு வாங்கியது என்று சொல்ல ஜோசியமா வேண்டும்?

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவருடைய ரிப்போர்ட்டுகளை இருபது வருஷமாக டைப் செய்கிறவள் நான்தான். காருக்கு அடியில் படுத்தபடியே போனில் பேசிப் பதிவு செய்வார். "முன் வலது பிரேக், காலிப்பர், இன்ன எண், இன்ன வாரம்." காலிப்பர் என்றால் பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கிற வார்ப்புத் துண்டு. நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அந்தப் பதிவைக் கேட்டுக் கேட்டுத் தட்டுவேன். அவர் வந்து கையெழுத்துப் போடுவார். படிக்கமாட்டார். அப்போதெல்லாம் ஒரு தடவைகூடப் படித்ததில்லை. "ஒரு வரி பார்த்துடுங்களேன்" என்று ஆரம்பத்தில் நானே சொல்லியிருக்கிறேன். "நீ தட்டினதை நான் என்னத்தைப் பார்க்கிறது?" என்பார், பேனாவை மூடிக்கொண்டே.

இன்னொரு பழக்கமும் உண்டு. காரைப் பார்க்கிற இடத்தில் வாயைத் திறக்கமாட்டார். விற்கிறவரும் வாங்குகிறவரும் அவர் மூஞ்சியையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், இவரோ பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். எது சொன்னாலும் எழுத்தில்தான். எழுதிக் கொடுத்த பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசமாட்டார்.

எங்களிடம் இருப்பது பன்னிரண்டு வயதான ஒரு சின்னக் கார். டிரைவர் பக்கத்துக் கண்ணாடியை இறக்க, பொத்தானையும் அழுத்த வேண்டும், உள்ளங்கையால் கண்ணாடியையும் கீழே தள்ள வேண்டும். அதில்தான் ஊரிலுள்ள ஸ்போர்ட்ஸ் கார்களை எல்லாம் பார்க்கப் போவார். நானோ மூவாயிரம் ரிப்போர்ட்டாவது தட்டியிருப்பேன், ஒரு ஸ்போர்ட்ஸ் காரிலும் உட்கார்ந்ததில்லை. அது ஒரு குறையாகவே எனக்குத் தோன்றியதில்லை, என் தங்கை போன் செய்கிற வரைக்கும்.

தங்கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னைவிட ஏழு வயது சின்னவள். நான் வாடகை சைக்கிளில் முட்டி தேய்த்துக்கொண்டு ஓட்டக் கற்றேன். அவளுக்குப் பத்து வயதிலேயே வீட்டு வாசலில் புது சைக்கிள் வந்து நின்றது, கைப்பிடியில் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல். "அவ கொடுத்து வச்சவடி" என்பாள் அம்மா, என்னிடமே. வீட்டுக்காரர் விஷயத்திலும் அப்படித்தான். அவளுக்கு வாய்த்தவர் பல் டாக்டர். ஊரில் பாதிப் பேர் அவர் முன்னால் வாயைப் பிளந்தபடி படுத்திருக்கிறார்கள். நல்ல மனுஷன், அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் திட்டியாவது தீர்த்துக்கொள்ளலாம். என் வீட்டுக்காரர் காரின் சந்துபொந்துகளைப் பார்க்க வைத்திருக்கும் நீளக் கைப்பிடிக் குட்டிக் கண்ணாடிகூட அவர் தன் கிளினிக்கிலிருந்து கொடுத்ததுதான்.

"அக்கா, அத்தானை ஒரு நாள் எங்களுக்காக அனுப்பேன். இவரு ஒரு கார் பார்த்து வச்சிருக்காரு."

"என்ன கார்?"

"பேரு வாயில நுழையல. கரும்பச்சை. ரெண்டே ரெண்டு சீட்டு. அழகா இருக்குக்கா."

கரும்பச்சை, ரெண்டு சீட்டு என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. எத்தனையோ கார்களைத் தட்டியிருக்கிறேன், மனதில் நின்றது அந்த மாடல் ஒன்றுதான். அதன் குறியீடுகள் எனக்குத் தூக்கத்தில்கூடச் சொல்ல வரும். பேர் வாயில் நுழையாதவளுக்கு அது வாசலில் வந்து நிற்கப்போகிறது. வயிறு எரிந்தது, வேறென்ன சொல்ல.

விற்கிறவர் ஓய்வு பெற்ற நில அளவையாளர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட்டில் காரை வைத்திருந்தார். தங்கை கூப்பிட்டாள் என்று நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். அவர் துணியை விலக்கியதும் நான் பின்பக்கம் போய்ப் பேட்ஜைப் பார்த்தேன். ஒன்பது வயது கார் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"முதல் ஓனர் சர்வீஸ் புக்கைத் தொலைச்சுட்டாரு சார்" என்றார் அளவையாளர். "டிக்கில தண்ணி புகுந்து ஸ்டிக்கரும் போயிடுச்சு. ஆனா எல்லாம் கம்பெனி ஃபிட்டிங். கம்பெனிக்கே சேஸிஸ் நம்பரைப் போட்டு எழுதிக் கேட்டிருக்கேன். பதில் வர ஒரு மாசமாகுமாம்."

என் வீட்டுக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, பாயை விரித்துப் படுத்துவிட்டார். பிரேக்குக்குப் பின்புறம் கேமரா நுழையாத இடம். டார்ச்சையும் பல் டாக்டர் கண்ணாடியையும் உள்ளே விட்டு, எதையோ முணுமுணுத்துப் பதிவு செய்துகொண்டிருந்தார்.

அதற்குள் தங்கை காருக்குள் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டாள். "அக்கா, உள்ள வந்து உட்காரேன்!"

"என் செருப்பெல்லாம் மண்ணு" என்றேன். செருப்பில் மண் எதுவும் இல்லை.

பல் டாக்டர் கையைப் பிசைந்துகொண்டே கேட்டார். "அண்ணா, எப்படி இருக்கு?"

"எழுதித் தர்றேன்."

அவ்வளவுதான். ஆனால் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். கையைத் துணியில் துடைத்துவிட்டு, அந்தக் காரின் கூரையை ஒரு தரம் தொட்டுவிட்டு வந்தார். வேறு யாரும் கவனிக்கவில்லை. கார் நல்ல கார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் டைப் செய்ய உட்கார்ந்தேன். அவர் வெளியூரில் ஒரு காரைப் பார்க்க நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும், அதற்குள் கையெழுத்து வாங்கியாக வேண்டும். போனில் அவர் குரல் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனது. சஸ்பென்ஷன் சரி. சைலன்சர் எண் சரி. சேஸிஸ் தகட்டின்படி கார் தயாரானது பத்தொன்பதாவது வாரம். "முன் வலது பிரேக், காலிப்பர், வார்ப்பு பதினாலாவது வாரம், அதே வருஷம். பொருந்துது." ஸ்டிக்கரும் புத்தகமும் இல்லாத காருக்கு அந்தப் பதினாலுதான் சாட்சி. சஸ்பென்ஷனையும் சைலன்சரையும் யாரும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அந்தப் பிரேக் வெளியில் தனியாகக் கிடைக்க ஆரம்பித்ததே அந்த வருஷக் கடைசியில்தான்.

அந்த நேரம் பார்த்துத் தங்கை கூப்பிட்டாள்.

"அக்கா, ரிப்போர்ட் ஆச்சா? இவரு ரெண்டு நாளா சரியாவே சாப்பிடல."

"ஆயிட்டிருக்கு."

"வந்ததும் உன்னைத்தான் முதல்ல உட்கார வைப்பேன். அத்தான் பாவம், ஊரான் காருக்கு அடியிலயே படுத்துக் கிடக்காரு, உனக்கு இந்த மாதிரி ஒண்ணு எங்க வாங்கித் தரப்போறாரு! எங்க கார் இருக்கே, நீ எப்ப வேணா வந்து உட்காரலாம்."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். நாக்கில் விஷம் வைத்துப் பேசத் தெரியாதவள். அதனால்தான் அது நேரே வந்து குத்தியது. போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். 14 என்று தட்டியிருந்தது. அதை அழித்துவிட்டு 41 என்று போட்டேன்.

நாற்பத்தொன்று என்றால் கார் தயாராகி ஐந்து மாதம் கழித்து வார்த்த பிரேக். வெளி ஃபிட்டிங். அந்த ஒன்று பொய்யென்றால் மற்றதெல்லாம் சந்தேகம்.

இதோடு நிறுத்தியிருந்தால் கை தவறிவிட்டது என்று எனக்கு நானே பூசி மெழுகியிருக்கலாம். ஆனால் அடுத்த வரி இடித்தது. "பொருந்துகிறது" என்று இருந்தது. நாற்பத்தொன்றுக்கு அது பொருந்தாதே. அதையும் அழித்துப் "பொருந்தவில்லை" என்று தட்டினேன். கீழே, "கம்பெனி ஃபிட்டிங் என்று உறுதி சொல்ல இயலாது" என்றும் சேர்த்தேன். அவருடைய நடை எனக்கு அத்துப்படி, எங்கே நிறுத்துவார், எங்கே இழுப்பார் என்பதெல்லாம்.

மூன்றரைக்கு வந்தார். நின்றபடியே கையெழுத்துப் போட்டார். "நல்ல கார் இல்ல?" என்றார் திடீரென்று. எழுத்தில் வராத ஒரு வார்த்தையை அவர் சொன்னது அன்றைக்குத்தான். நான் அவருடைய பையில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை.

பல் டாக்டர் காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "அத்தான் காப்பாத்திட்டாருக்கா, இல்லன்னா ஏமாந்திருப்போம்" என்று தங்கை மூக்கை உறிஞ்சினாள். ஒரு வாரம் நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வெளியூரிலிருந்து திரும்பி வந்தவர் கேட்டார். "என்ன, காரை எடுத்தாச்சா?"

"இல்லையாம்."

"ஏனாம்?"

"கலர் பிடிக்கலையாம்."

"கரும்பச்சை பிடிக்கலையா!" என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். பல் டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்பார் என்ற பயம் எனக்கில்லை. எழுதிக் கொடுத்த பிறகு அவர் பேசமாட்டார், தவிரவும் சகலைகள் ரெண்டு பேரும் பேசிக்கொள்வது இவருக்குப் பல் வலி வந்தால்தான்.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நில அளவையாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. மேஜைமேல் ரெண்டு காகிதங்களை வைத்தார். ஒன்று கம்பெனியிலிருந்து வந்த பதில், அந்தப் பிரேக், சஸ்பென்ஷன், சைலன்சர் எல்லாமே தொழிற்சாலையில் மாட்டியவை என்று. இன்னொன்று எங்கள் ரிப்போர்ட்.

"முப்பது வருஷம் நிலத்தை அளந்தவன் சார் நான். ஒரு அடி கூட்டி எழுதினேன்னு ஒருத்தன் சொன்னதில்ல. உங்க காகிதம் ஊரெல்லாம் சுத்தி, வர்றவன் எல்லாம் என்னைத் திருடன் மாதிரி பார்க்கிறான். வேற ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். பளிச்சுன்னு பதினாலுன்னு இருக்குங்கிறாரு. உங்க கண்ணுக்கு மட்டும் எப்படி சார் நாப்பத்தொண்ணு தெரிஞ்சது?"

நான் சமையலறை வாசலில் தண்ணீர்த் தம்ளரோடு நின்றிருந்தேன். என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, தான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டை முதல் தடவையாகப் படித்தார். மேலிருந்து கீழ்வரைக்கும், அவசரமில்லாமல். அந்த எண்ணில் விரல் நின்றது. அடுத்த வரிக்குப் போனது. "பொருந்தவில்லை"யில் இன்னும் அதிக நேரம் நின்றது. எண் தவறுவதுண்டு. வார்த்தையும் சேர்ந்து தவறுமா?

நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அப்படியே காலில் விழுந்திருப்பேன்.

"கண்ணாடியில மாத்திப் படிச்சுட்டேன்" என்றார்.

"என்னது?" என்றார் அளவையாளர்.

"பிரேக்குக்குப் பின்னால கண்ணாடி விட்டுத்தான் பார்க்கணும். கண்ணாடியில இடம் வலமாத் தெரியும். பதினாலை நாப்பத்தொண்ணா படிச்சுட்டேன். என் தப்புதான்."

அளவையாளரின் கோபம் அப்படியே இளக்காரமாக மாறியது. "தொழிலுக்குப் புதுசா வந்தவன் பண்ற தப்பு சார் இது."

"ஆமாம்" என்றார் இவர். தன் கையாலேயே ஒரு திருத்தம் எழுதி, மன்னிப்பும் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அலமாரியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த போனில் அவருடைய குரல் இருந்தது, பதினாலாவது வாரம், பொருந்துது என்று. அவர் அதை எடுக்கவில்லை.

அளவையாளர் போன பிறகு, "ஏங்க..." என்று ஆரம்பித்தேன்.

"சாப்பாடு ஆறுது" என்று கை கழுவப் போய்விட்டார்.

விஷயம் பரவ ரெண்டு நாள்கூட ஆகவில்லை. பூதக்கண்ணாடி என்ற பெயர் போய்த் தலைகீழ் என்று பெயர் வந்தது. "தலைகீழ் பார்த்தாச்சா? அப்ப வேற யாரையாவது கூப்பிடு" என்று அவர் காதுபடவே சிரித்தார்களாம். அந்த மாதம் நாலு பேர் வரச்சொல்லிவிட்டு வேண்டாம் என்றார்கள். எந்தக் காரையும் ஒன்றுக்கு மூன்று தடவை பார்க்கிற மனுஷன், காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, போன் வராதா என்று வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும். திறக்க வருகிற ஒவ்வொரு தடவையும் அவர் எழுந்து போய்விடுவார். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது என்பதில் என்னைவிட அவர்தான் கவனமாக இருந்தார்.

கம்பெனிக் கடிதத்தைப் பார்த்து, பல் டாக்டர் கடைசியில் அந்தக் காரையே வாங்கிவிட்டார். வாங்கியதும் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் ஓட்டி வந்தார்கள். தங்கை என் தோளைக் கட்டிக்கொண்டாள்.

"அத்தானை ஒண்ணும் சொல்லாதே அக்கா. அவரும் மனுஷன்தானே. வயசாகுதில்ல, கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

அதை முழுங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

பல் டாக்டர் சாவியை நீட்டினார். "அண்ணா, முதல் ரவுண்டு நீங்களும் அக்காவும்தான்."

அப்படித்தான் அந்தக் காரில் உட்கார்ந்தேன். இருக்கை என்னை இழுத்துப் பிடித்துக்கொண்டது. தெருக்கோடித் திருப்பத்தில் அவர் பிரேக்கைத் தொட்டதும், கார் குலுங்காமல் நிதானமாக அடங்கியது. அந்தப் பிரேக்தான். பதினாலாவது வாரத்துப் பிரேக். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நான்தாங்க..." என்றேன்.

"சீட் பெல்ட் சரியா மாட்டியிருக்கா பாரு" என்றார் ரோட்டைப் பார்த்தபடியே. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

பிறகு மெதுவாக வேலை வர ஆரம்பித்தது. முதலில் வந்தது ஒரு வெள்ளை ஸ்போர்ட்ஸ் கார். வழக்கம்போலப் பதிவு செய்துகொண்டு வந்தார், வழக்கம்போல நான் சாப்பாட்டு மேஜையில் தட்டினேன். ஒவ்வொரு எண்ணையும் ரெண்டு தரம் கேட்டேன், மூன்று தரம் சரிபார்த்தேன். காகிதத்தையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தேன்.

பேனாவை எடுக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முதல் வரியிலிருந்து படித்தார். எண் வருகிற இடங்களில் போனைக் காதில் வைத்துத் தன் குரலைக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார். எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டார். "நல்லா தட்டியிருக்கே" என்றார், கோபமே இல்லாமல்.

இது நடந்து ரெண்டு வருஷமாகிறது. இன்றைக்கும் அப்படித்தான் படிக்கிறார். ஒரு குத்தல் பேச்சு கிடையாது, முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது. நான் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன், அவர் கடைசி வரிக்கு வருகிற வரை.

தங்கை அந்தக் கரும்பச்சைக் காரில் எங்கள் தெருவில் போனால் எனக்கு இப்போது ஒன்றுமே தோன்றுவதில்லை. வயிறு எரிவதெல்லாம் வேறொருத்தியை நினைத்துத்தான். பதினெட்டு வருஷம் இதே மேஜையில் உட்கார்ந்து, படிக்காத காகிதத்தில் இந்த மனுஷனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தாளே, அவளை நினைத்து. கொடுத்து வைத்தவள் அவள்.